கொழும்பில் பாங்கு சொல்வதற்கு முன்

1. சாப்பாட்டுப் பொறுப்பு

மருதமுனை நெசவுச் சங்கத்தில் நான் எழுதுவினைஞராகச் சேர்ந்த முதற் கிழமையில் எனக்குக் கிடைத்த பெரிய வேலை நூல் பற்றியதும் அல்ல, இடுப்பில் உடுத்தும் சாறன் பற்றியதும் அல்ல. சாப்பாடு பற்றியது.

ஆண்டைத் துல்லியமாக எழுதவே விருப்பம். ஆனால் அந்தக் காலத்து டயறி என்னிடம் இல்லை. சித்திரைப் புத்தாண்டு கழிந்த வெயிலில் நோன்பு பிடித்தது நன்றாக நினைவிருக்கிறது. பிறைக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால் ஐம்பதுகளின் நடுப்பகுதி என்று வருகிறது. அதற்கு மேல் சொல்வது ஊகம். ஊகத்தை நான் எழுதுவதில்லை.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாட்களில்தான் கொழும்பில் சாறன் நன்றாகப் போகும். சங்கத்தின் கட்டுகளை லொறியில் ஏற்றிப் புறக்கோட்டைக்குக் கொண்டுபோய் வியாபாரியிடம் காட்டி விலை பேசி வரவேண்டும். போவது மூன்று பேர். விலை எழுத நான். துணியின் தரத்தை எடுத்துச் சொல்ல மூத்த நெசவாளர் ஆதம்பாவா காக்கா; எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். லொறி ஓட்ட மீராசாகிபு. மீராசாகிபுவுக்குக் கொழும்பு பழக்கம், ஆனால் நோன்பில் போனதில்லை. நாங்கள் மற்ற இருவரும் அதுவரை மட்டக்களப்புப் பாலத்தைத் தாண்டியதில்லை.

சங்கத் தலைவரான ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. எங்க நோன்பு தொறக்கிற, எங்க சஹருக்குச் சாப்பிடுற எண்டு முழுக்க எழுதி எனக்கிட்டக் காட்டு. போனமுறை போனவனுகள் தம்புள்ளைக் காட்டுக்க லொறிய நிப்பாட்டி ரேடியேட்டர் தண்ணியக் குடிச்சி நோன்பு தொறந்தானுகள். ஊர் சிரிச்சிச்சி."

"பயணத்தில நோன்ப விடலாந்தானே ஹாஜியார்?"

"விடலாம். ஆதம்பாவா விடமாட்டான். அவன் பட்டினியா இரிக்க, நீங்க ரெண்டு பேரும் அவன்ட மூஞ்சியப் பாத்துப் பராட்டா தின்னுவீங்களா?"

கடதாசியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன்.

பார்த்திராத ஒரு நகரத்தில் எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்வது விசித்திரமான வேலை. கொழும்புக்குப் போய்வந்த வியாபாரிகளையும் பஸ் கொண்டக்டர்களையும் விசாரித்தேன். ஒருவர் புகழ்ந்த கடையை மற்றவர் ஏசினார். "அந்தக் கடைக் கஞ்சியில அரிசி ஒண்டுக்கொண்டு சலாம் சொல்லாது, அவ்வளவு தூரத்தில நிக்கும்" என்றார் ஒரு கொண்டக்டர். கடைசியில் இப்படி முடிவாயிற்று. முதல் நாள் நோன்பு திறப்பது ஓட்டமாவடியில். விடியுமுன் சாப்பிடும் சஹர் குருநாகலில். கொழும்பில் இரண்டு நாட்களும் புறக்கோட்டையில் ஹாஜியாருக்குத் தெரிந்த சாப்பாட்டுக் கடையில். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில், நோன்பு திறக்கும் நேரத்தை எங்கள் பள்ளிவாசல் சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்து எழுதினேன். ஹாஜியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"நல்லம். கொழும்பில ரெண்டு நாளும் ஒரே கடை. அலைச்சல் இல்ல" என்றார்.

2. ஆதம்பாவா காக்கா கேட்ட மாற்றம்

பயணத்துக்கு முதல் நாள் ஆதம்பாவா காக்கா சங்கத்துக்கு வந்தார். அவர் பேச வருவது அபூர்வம். பேசினாலும் நூல் ஈரம், சாயம் போதாது என்ற அளவில் நின்றுவிடும். அன்று மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"கொழும்பில ரெண்டு நாளும் ஒரு கடையிலயாம்?"

"ஓம் காக்கா."

"ரெண்டு கடையில வை தம்பி. ஒரே கடையில வைக்காத."

ஏன் என்று கேட்டேன். சமதுக்காக என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது.

சமது அவருடைய தம்பி. தாய் தகப்பன் காலமான பிறகு காக்காதான் வளர்த்தார். பக்கத்துத் தறியில் இருத்தி வேலை பழக்கினார். ஒரு நாள், அவசரமாகக் கொடுக்க வேண்டிய சாறன் ஒன்றில் சமது குறுக்குநூல் ஓட்டும் நாடாவை மாற்றிப் போட்டுவிட்டான். வெள்ளைக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு கூடுதலாக விழுந்தது. காக்கா எழும்பிப் போய், நெசவுக் கொட்டிலில் எல்லாரும் பார்க்க, அவன் கன்னத்தில் அறைந்தார். சமது நாடாவைத் தறியில் நீட்டிக் கட்டிய பாவுநூலின்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அன்றைக்குப் போனவன்தான். மூன்று நோன்பு மாதங்கள் கடந்துவிட்டன. அவன் விட்டுப்போன பாவு தறியிலேயே கிடந்தது. காக்கா அதை அறுக்கவும் இல்லை, வேறொருவரை அதில் இருத்தவும் இல்லை. சங்கத்துக்கு ஒரு தறி நட்டம் என்று ஹாஜியார் முணுமுணுப்பார். ஆனால் காக்காவின் முகத்துக்கு முன்னால் சொன்னதில்லை.

"கல்முனைச் சந்தைக்கு வாற யாவாரி ஒருத்தன் கண்டவனாம்" என்றார் காக்கா. "கொழும்பில ஒரு சாப்பாட்டுக் கடையில கஞ்சி ஊத்திக் குடுத்துக்கிட்டு நிண்டானாம். கடையும் தெரியா, தெருவும் தெரியா. கஞ்சி எண்டபடியா போன நோன்பா இரிக்கும்."

"அப்ப, போன உடன கடை கடையா விசாரிப்பம் காக்கா."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "நான் தேடுறன் எண்டு காதில விழுந்தா அவன் பின்வாசலால போயிருவான். எனக்குத் தெரியும் அவன. சாப்பிட வந்தவன் மாதிரிப் போய் இரிக்கணும். அவனா வந்து எனக்கு முன்னால கோப்பைய வைக்கணும்."

நோன்பு காலத்தில் பகலில் முஸ்லிம் கடைகளின் முகப்பில் திரை தொங்கும். உள்ளே பிற மதத்தவர்கள் சாப்பிடுவார்கள். நோன்புகாரர் போய் உட்கார ஏலாது. ஆகவே காக்காவுக்குக் கிடைப்பது இரண்டு மாலைகள், இரண்டு கடைகள். கொழும்பில் இரண்டாம் நாளுக்கு எதிரே இருந்த பெயரை வெட்டிவிட்டு, "பிறகு தீர்மானிக்கப்படும்" என்று எழுதினேன். நான் எழுதிய திட்டங்களில் வெற்றிடம் விட்டது அதுவே முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

3. வழியில்

ஓட்டமாவடியில் பிசகு ஒன்றும் நடக்கவில்லை. நான் எழுதிய நேரத்துக்கே தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. மீராசாகிபு என் கடதாசியை வாங்கிப் பார்த்து, "பாங்கு சொல்ற மோதினாரும் நீ எழுதினதப் பாத்துத்தான் சொல்றாரு போல" என்றார். குருநாகலில் இடியப்பமும் சொதியும் கிடைத்தன. வழி முழுக்க மீராசாகிபு பலூடா பற்றியே கதைத்தார். கொழும்பில் உயரமான கண்ணாடிக் கிளாசில், ரோசாப்பூ நிறத்தில், உள்ளே சேமியா மிதக்க, மேலே ஐஸ்கிரீம் வைத்துத் தருவார்களாம்.

"நோன்போட இரிக்கிறவனுக்கு முன்னால இதச் சொல்றியே, உனக்குப் பாவமில்லையா?" என்றார் காக்கா.

"நானும் நோன்புதான் காக்கா. சொன்னா முறியாது."

காக்காவின் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டியது. கட்டுகளோடு பின்னால் போடச் சொன்னபோது கொடுக்கவில்லை. லொறி குலுங்கும்போதெல்லாம் கையால் அணைத்துக்கொண்டார்.

4. போன முதல் மாலை

காலையில் புறக்கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். சனத்தையும் வண்டிகளையும் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. காக்கா கடைப் பலகைகளைப் பார்க்கவில்லை, மனிதர்களின் முகங்களைப் பார்த்தார். சுமை தூக்கும் நாட்டாமைகள், தேத்தண்ணிக் கிளாஸ் கொண்டு ஓடுபவர்கள், ஒவ்வொருவரையும்.

வியாபாரி நல்ல மனிதர். கட்டுகளை அவிழ்த்துத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு நோன்பு தொறக்க நீங்க எங்களோட பள்ளிக்கு வரோணும்" என்றார். மறுக்க முடியாது. ஊரின் சாறன் அவர் கையில் இருந்தது. காக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பள்ளிவாசலில் நீண்ட வரிசையில் இருந்து, பாங்கு சொன்னதும் எல்லாரோடும் சேர்ந்து நோன்பு திறந்தோம். கஞ்சி மணமாக இருந்தது. காக்கா பாதிக் கோப்பையோடு வைத்துவிட்டார். அவருடைய இரண்டு மாலைகளில் ஒன்று போய்விட்டது.

மறுநாள் விலை படிந்தது. சங்கத்துக்கு நல்ல வியாபாரம். லொறி அதற்கடுத்த நாள் விடியக் கிளம்பவேண்டும். ஒரு மாலைதான் மிச்சம், கடையோ முடிவாகவில்லை. கட்டுகளை இறக்கிய நாட்டாமை ஒருவரிடம் நானே மெதுவாகக் கேட்டேன். கிழக்குப் பக்கத்து ஆட்களை வேலைக்கு வைக்கும் கடை எது?

"மருதானைல ரெண்டு கடை ஈக்கி" என்றார் அவர். "பள்ளியடி றோட்டுல ஒண்டு. அதுக்கு முன்னுக்கு ஒண்டு."

"எதுக்குப் போவம் காக்கா?" என்று கேட்டேன்.

"நீதானே எழுதுற ஆள். நீ சொல்லு."

பள்ளிவாசல் பக்கத்துக் கடையைச் சொன்னேன். காரணம் ஒன்றும் கிடையாது. பாங்கு தெளிவாகக் கேட்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

5. ஏழெட்டு நிமிஷம்

கடை நிறைந்து கிடந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு சமூசா, ஒரு கோப்பை கஞ்சி. பரிமாறியவர்கள் நான்கு பேர். காக்கா நால்வரையும் பார்த்து முடித்தார். சமையல் நடக்கும் குசினிப் பக்கம் திரும்பியிருந்து, கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். பொட்டலம் அவர் மடியில் கிடந்தது.

என் கடதாசியையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தேன்.

"நேரம் வந்திட்டு" என்றேன்.

"பாங்கக் காணலியே" என்றார் காக்கா.

"இந்த இரைச்சல்ல எங்க கேக்கிற" என்றார் மீராசாகிபு. வெளியே, தலைக்கு மேல் கம்பி பிடித்து ஓடும் திறொலி பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. மீராசாகிபுவுக்கு ஏற்கெனவே கை பழத்தில் இருந்தது. காக்கா பிஸ்மில்லாச் சொல்லிப் பழத்தை வாய்க்குக் கொண்டுபோனார்.

"நானா, நானா. வையுங்கொ, வையுங்கொ."

காசு மேசையில் இருந்த கடை முதலாளி எழும்பி நின்று கையை ஆட்டினார்; எங்கள் காக்கா அவர்களுக்கு நானா. முழுக் கடையும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. "இன்னம் பாங்கு செல்லல்ல. எந்த ஊரு நீங்க?"

"மருதமுனை" என்றேன். "கல்முனைக்குக் கிட்ட."

"அதுதானே பாத்தேன். ஒங்கட பக்கம் சூரியன் முந்திப் போற. எங்களுக்கு இன்னம் ஏழெட்டு நிமிஷம் ஈக்கி."

எனக்குக் காது சுட்டது. புத்தகத்தில் படித்த விஷயம்தான். கிழக்கில் முந்தி விடியும், முந்தி இருளும். ஆனால் அது நோன்புக் கஞ்சிக்கும் பொருந்தும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நோன்பு நாளில் கிழக்குக் கரையை விட்டு வெளியே போகாதவனுக்கு, நோன்பு திறக்கும் மஃரிப் என்றால் ஒரே நேரம்தான், அவன் ஊர் நேரம். முதல் நாள் ஓட்டமாவடியும் எங்கள் கரைதான் என்பதால் பிழை தெரியவில்லை. கொழும்புக்கு வந்த அன்று பள்ளிவாசலில் எல்லாரையும் பார்த்துச் செய்தோம்.

முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். "வெக்கப்பட வாணாம். முன் கடை குஸ்னீல ஒருத்தன் ஈக்கிறான், ஒங்கட பக்கத்து ஆளுதான். வந்த வருஷம் அவன் கஞ்சிய வாய்லயே வெச்சிட்டான். கடை முழுக்கச் சிரிச்ச. இப்பவும் ஒவ்வொரு நாளும் மணியப் பாத்து 'ஊர்ல இப்ப பாங்கு' எண்டு செல்லுவான். இந்த றோட்டுல அவனுக்குப் பேரே ஊர்ப்பாங்குதான்."

காக்கா கேட்டார்: "அவன் முந்தி என்ன வேல செய்தவன்?"

"தறி வேலயாம். கஞ்சியக் கிண்டுறதும் தறி அடிக்கிற மாதிரிதான், ஒரே தாளத்துல."

காக்கா எழும்பினார். ஒரு கையில் பேரீச்சம்பழம், மறுகையில் பொட்டலம். நானும் எழும்பினேன்.

"நீங்க போங்க. நான் இடத்தப் பிடிச்சிட்டு இரிக்கன்" என்றார் மீராசாகிபு.

எதிர்க் கடைக்குத் தெருவைக் கடந்தோம். எங்கள் ஊரில் இந்நேரம் பாங்கு சொல்லி முடிந்து, கஞ்சிக் கோப்பைகள் காலியாகிக்கொண்டிருக்கும். கொழும்பில் கட்டடங்களுக்கு மேலே இன்னும் வெளிச்சம் நின்றது. ஊரில் செலவாகிவிட்ட அந்தச் சில நிமிஷங்கள் இங்கே எங்களுக்காகச் செலவாகாமல் இருந்தன.

கடையின் பக்கத்து ஒழுங்கையால் குசினி வாசலுக்குப் போனோம். பெரிய கிடாரத்துக்கு முன்னால் ஒருவன் குனிந்து கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தான். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. காக்கா உடுத்திருந்த சாறனைப் பார்த்தான். துணியைத்தான் முதலில் அடையாளம் கண்டான். பிறகுதான் கண்கள் மேலே வந்தன.

"காக்கா" என்றான்.

காக்கா வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். "ஊர்ல பாங்கு சொல்லிட்டு" என்றார்.

சமது சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். "ஓம். இப்ப சொல்லியிரிக்கும்."

காக்கா பொட்டலத்தை நீட்டினார். சமது கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நூலை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஒரு சாறன். அவன் அதை அடுப்பு வெளிச்சத்தில் விரித்துப் பெருவிரலால் தடவிக்கொண்டே போனான். விரல் ஓரிடத்தில் நின்றது.

"பச்சை கூட விழுந்திரிக்கே."

"ஓம்."

"இஞ்சயும் விழுந்திரிக்கு. கட்டத்துக்குக் கட்டம் விழுந்திரிக்கு. பிழையா அடிச்சிரிக்கீங்க காக்கா."

"உன்ட பாவுதான். நீ கொழும்பில எண்டு கேட்ட பொறகு, ஆளில்லாத ராவில, நீ விட்ட இடத்தில இரிந்து நெய்த. அந்தக் கோடு இல்லாட்டி மத்தப் பாதியோட சேராது."

சமது சாறனை முகத்தோடு சேர்த்துப் பிடித்தான். அவன் தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன். காக்கா பார்க்காததுபோல் கிடாரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பாங்கு கேட்டது. தெருவின் இரைச்சலை மீறித் தெளிவாகவே கேட்டது. காக்கா கையிலிருந்த பேரீச்சம்பழத்தை இரண்டாகப் பிய்த்துப் பாதியைத் தம்பியின் கையில் வைத்தார்.

"கஞ்சி எங்க, கஞ்சி?" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது. சமது அவசரமாக அகப்பையை எடுத்தான். காக்கா அதை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ கொண்டுபோய் வை. நான் ஊத்துறன்."

மருதமுனையின் மூத்த நெசவாளர் அன்று மருதானையில் ஒரு கடைக்குக் கஞ்சி ஊற்றினார். நானும் கோப்பைகளை நீட்டிக் கொடுத்தேன். சனம் குறைந்த பிறகுதான் எங்களுக்கு ஆளுக்கொரு கோப்பை கிடைத்தது.

"வாறியா?" என்று காக்கா கேட்டார்.

"பெருநாள் வரைக்கும் முதலாளி விடமாட்டாரு காக்கா. கடைக்கு இந்த மாசந்தான் மாசம்."

"பொறகு?"

சாறனைச் சமது மடித்தான். நெசவாளர் மடிக்கும் மடிப்பு. "வருவன்" என்றான்.

நாங்கள் திரும்பிப் போனபோது மீராசாகிபு இடத்தைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தார். மூன்று கஞ்சியும் முடிந்திருந்தன. "ஆறிப் போகும் எண்டு குடிச்ச" என்றார். காக்கா அவரைக் கூட்டிக்கொண்டு போய், பலூடா வாங்கிக் கொடுத்தார். தான் ஒரு கரண்டி மட்டும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு கதை" என்றார்.

6. அதற்குப் பிறகு

சமது ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தான். அந்தச் சாறனை உடுத்துக்கொண்டே லொறியிலிருந்து இறங்கினான். நாலைந்து நாள் நின்றான். தன் பழைய தறியில் ஏறி இருந்து பார்த்தான். பிறகு திரும்பிப் போனான். அந்தக் கடையிலேயே குசினிக்குப் பொறுப்பாளனாகிக் கொழும்பிலேயே கல்யாணமும் முடித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். நோன்பில் மட்டும் வரமாட்டான். கஞ்சிக் காலத்தில் அவனை யாரும் விடமாட்டார்கள்.

அதன்பின் சங்கத்துக்காகப் பல பயணங்களுக்குச் சாப்பாட்டு இடம் குறித்தேன். இப்போது அந்த வேலையைச் செய்யும் இளையவர்களுக்கு இரண்டு விஷயங்கள் சொல்வேன். போகிற ஊரின் நேரத்தை அந்த ஊரிலேயே கேளுங்கள், உங்கள் சுவரில் பார்க்காதீர்கள். கடைசி நாளின் சாப்பாட்டுக்கு ஓரிடத்தை எழுதாமல் விடுங்கள். கூட வருகிறவர்களில் ஒருவருக்கு அது தேவைப்படலாம்.

அந்த வருஷங்களில் நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் ஆதம்பாவா காக்காவுக்குப் பக்கத்தில்தான் நான் இருப்பேன். பாங்கு சொன்னதும் அவர் எல்லாரையும்போல் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு திறப்பார். கஞ்சிக் கோப்பையை மட்டும் தொடமாட்டார். அது அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆவி பறந்துகொண்டு இருக்கும். தொழுகைக்கு எழும்புவதற்குச் சற்று முன்னர்தான் எடுத்து அவசரமாகக் குடிப்பார். காரணம் தெரியாத புதியவர் ஒருவர் ஒரு நாள் கேட்டார்.

"என்ன காக்கா, கஞ்சி ஆறுதே?"

"ஆறட்டும்" என்றார் காக்கா. "அங்க இன்னும் பாங்கு சொல்லயில்ல."